புதிய எழுத்துக்கு நரை

கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் தடவுவாள். யாருக்குக் கல்யாணம், என்றைக்கு என்பதெல்லாம் பிறகு. அச்சுக் கோத்து அடித்த பத்திரிகையாக இருந்து, அழுத்தம் கூடிப்போய் எழுத்து பின்பக்கம் புடைத்துக்கொண்டு வந்திருந்தால் தீர்ந்தது. "குத்திக் கொன்னுட்டானுங்க பாவிங்க" என்பாள், கொடுத்தவர்கள் எதிரிலேயே. "மானம் போகுது, வீட்டுக்குப் போய்த் தடவிக்கக் கூடாதா?" என்று கணவர் கெஞ்சிப் பார்த்துவிட்டார். நண்பர்கள் அவளுக்கு வைத்த பெயர் புரட்டி.

விளம்பர நிறுவனத்தில் டிசைனராக இருந்தவள். கணினியில் எழுத்துகளை இழுத்தும் நெளித்தும் சலித்துப்போய், டயர்க் கிடங்காக இருந்த ஓர் அறையைப் பிடித்து, கையால் இயக்கும் அச்சு இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு சுவரொட்டி அடிக்கிறாள். இந்தத் தொழிலுக்கு வரும் டிசைனர்கள் பழைய எழுத்துகளைத் தேடித்தான் அலைவார்கள். இவளோ தானே புதிதாக வரைந்து, கெட்டி மரத்தில் தானே செதுக்கினாள். உள்ளங்கை அகல எழுத்துகள். கட்டைவிரலில் விழுந்த வெட்டு இன்னும் தழும்பாக இருக்கிறது. எழுத்தின் முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதுவும் ஒவ்வொரு தாளிலும் அச்சாகும் என்பதால், துடைப்பதற்குக்கூட இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டாள்.

இப்படிப்பட்டவளிடம் வந்து, "மை கொஞ்சம் விட்டுவிட்டு விழணும், அப்பதான் பழைய ஃபீல் வரும்" என்று சொன்னால் கோபம் வராதா?

"அந்தக் காலத்துல மை திட்டுத்திட்டா விழுந்தா முதலாளி வேலைய விட்டே தொரத்தியிருப்பாரு. அவங்க கூச்சப்பட்டுக் கிழிச்சுப் போட்டத நீங்க அழகுன்னு விக்கிறீங்க!" என்று பொரிந்து தள்ளுவாள்.

போன வாரம் ஒரு காபிக்கடைச் சுவரொட்டிக்காக விளம்பர நிறுவனத்து இளம் டிசைனர் ஒருவன் வந்தான். மாதிரித் தாள் பளிச்சென்று விழுந்திருந்தது. அவன் முகம்தான் பளிச்சென்று இல்லை.

"அக்கா, ரொம்பச் சுத்தமா இருக்கு."

"சுத்தமா இருந்தா என்னடா வியாதி? இந்த எழுத்து போன வருஷம்தான் பொறந்துச்சு. அதுக்கு எதுக்கு நரை?"

சொல்லிவிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். அவ்வளவுதான் நேரம். திரும்பி வந்தபோது, எழுத்துகளுக்கு நடுவே செருகும் இடைக்கட்டைகளைத் தேய்க்க அலமாரியில் வைத்திருந்த உப்புத்தாள் அவன் கையில் இருந்தது. அச்சடிக்கக் கட்டி வைத்த வரியின் நடுவில் இருந்த எழுத்து, செதுக்க ஒன்பது நாள் பிடித்த 'ழ', குறுக்கும் நெடுக்கும் கீறிக் கிடந்தது.

"லேசாத்தான்க்கா தேய்ச்சேன். இப்ப அடிச்சுப் பாருங்க, சூப்பரா வரும்" என்றான். கொஞ்சமும் குற்ற உணர்ச்சி இல்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கெடுத்ததை உதவி என்று நினைத்துக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கிறான்!

கோபம் தலைக்கேறினால் அவளுக்குக் குரல் தணிந்துவிடும், மரியாதையும் கூடிவிடும். மேசை ஓரத்தில் அவனுடைய செல்போன் இருந்தது. வாங்கிய புதுசு, கண்ணாடிமேல் ஒட்டிய தாள்கூட இன்னும் உரிக்கவில்லை. அதை எடுத்தாள். தாளை நிதானமாக உரித்தாள். கண்ணாடி மேலே தெரிய அவன் முன்னால் வைத்து, உப்புத்தாள் இருந்த அவன் கையைப் பிடித்து அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"தேய்ங்க தம்பி."