இன்டர்வியூவுக்குப் போன புடவை

இன்று காலை தளியிலிருந்து ஓசூர் வரும் பஸ். பக்கத்தில் ஒரு இளம்பெண். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மடியில் சர்டிபிகேட் ஃபைல். முதல் இன்டர்வியூ என்றாள்.

ஒரு வளைவில், எங்கள் அருகே நின்றிருந்த ஒரு அம்மாவின் தோளிலிருந்த குழந்தை அந்தப் பெண்ணின் முந்தானைமேல் வாந்தி எடுத்துவிட்டது.

"அய்யோ, தப்பாய்த்தம்மா!" கன்னடத்தில் பதறினார் அந்த அம்மா.

"பரவால்லக்கா. பாப்பாவுக்கு மொதல்ல தண்ணி குடுங்க."

தன் பாட்டிலை நீட்டிவிட்டு, எழுந்து சீட்டையும் கொடுத்தாள்.

நான் செய்ததெல்லாம், என் துப்பட்டாவை அவசரமாக இழுத்துக்கொண்டதுதான்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் குழாயில் முந்தானையை அலசினாள். ஈரம் உள்ளே போகும்படி மடித்துப் பின் குத்தினாள். நிமிர்ந்து நடந்து போனாள். அவ்வளவு அழகு.

ஓசூரில் இன்று இன்டர்வியூ எடுத்த நண்பர்களே, ஈர முந்தானையோடு யாராவது வந்தார்களா? வேலை கொடுத்தீர்கள்தானே?