சோப்புத் தண்ணீர் க்ரீம்

என் மகளுக்கு ஏழு வயதிலிருந்தே தோல் வறண்டு வெடிக்கும். முழங்கை மடிப்பில் சொறிந்து சொறிந்து ரத்தமே வந்துவிடும். காலையில் எழுந்ததும் அவள் படுக்கை விரிப்பை அலசுவதுதான் எனக்கு முதல் வேலை. மருந்துக்கடை க்ரீமைத் தடவினால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். இரண்டு வருடம் இப்படியே ஓடியதில் எனக்கு அலுத்துப்போனது. அந்த அலுப்பில் செய்த காரியம்தான் இது.

பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. சொந்த எண்ணெய், வேலியோரம் சோற்றுக்கற்றாழை. நாமே க்ரீம் செய்தால் என்ன என்று ஃபோனில் ஒரு வீடியோவைப் பார்த்து ஆரம்பித்தேன். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமலிருக்க எமல்சிஃபையர் மெழுகு என்று ஒன்றைப் போடச் சொன்னார்கள். பிள்ளைக்குக் கண்ட கெமிக்கலும் எதற்கு என்று அதை விட்டுவிட்டேன். எவ்வளவு அடித்துக் கலக்கினாலும் அரை மணியில் எண்ணெய் மேலே, கற்றாழைத் தண்ணீர் கீழே. மூன்று முறை கீழே கொட்டினேன். கை கடுத்ததுதான் மிச்சம்.

தோப்பிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஏம்புள்ள, இதுக்கா இந்தப் பாடு? வேப்பெண்ணெயத் தண்ணியில கலக்க நாம என்னத்த ஊத்தறோம்?”

“சோப்புத் தண்ணிங்க.”

“அப்பறமென்ன? அதையே ரெண்டு கரண்டி ஊத்து.”

செடிக்கு மருந்தடிக்கும்போது எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். சோப்பைக் கரைத்து ஊற்றினால் வேப்பெண்ணெய் பாலாகக் கலந்துவிடும். ஊற்றினேன். தயிர்போலத் திரண்டு வந்தது, பிரியவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தவளுக்கு இரண்டு கையிலும் அப்பினேன். எரியுதென்றாள்.

“பொறுத்துக்கோ கண்ணு, மருந்துன்னா எரியத்தான் செய்யும்.”

மூன்று நாள் விடாமல் தடவினேன். அவள் அழ அழத் தடவினேன். நான்காம் நாள் தோல் சிவந்து, உரிந்து, நீர் வடிந்தது. அட கெரகமே! பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

சித்தூரில் தோல் டாக்டரம்மா நான் கொண்டுபோன க்ரீம் பாட்டிலை முகர்ந்து பார்த்தார். அவர் மலையாளி. எனக்காக மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

“சோப்பும் எமல்சிஃபையர்தான். ஒரு நுனி எண்ணெயைப் பிடிக்கும், மறு நுனி தண்ணியைப் பிடிக்கும். பக்ஷே... ஆனா, சோப்பு தேச்சா உடனே கழுகிக் களையணும். தோல்மேலயே விட்டா, தோலிலுள்ள எண்ணெயையும் பிடிச்சு இழுக்கும்.”

க்ரீமில் போடுவதற்கென்றே மென்மையான வகைகள் இருக்கின்றனவாம், அவற்றையும் அளவாகத்தான் போடுவார்களாம். வெடித்த தோலுக்கு அவற்றில் சிலவும் ஒத்துக்கொள்ளாது என்றார். நான் வேண்டாமென்று ஒதுக்கிய அந்த மெழுகு நான் ஊற்றியதைவிட எவ்வளவோ சாது. டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

புண் ஆற ஒரு மாதம் ஆனது. இப்போது டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பைத்தான் தடவுகிறேன், அது எரிவதில்லை. ஆனாலும் டப்பாவைத் திறந்ததுமே அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுகிறாள்.

“எரியுதுன்னு சொன்னா நிறுத்திருவியாம்மா?”

நிறுத்திவிடுவேன் என்கிறேன். தினமும் கேட்கிறாள்.