நாடி பிடித்த வாட்ச்மேன்

எழுபதுகளில் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் நான் கிளார்க். கேட்டில் நரைத்த மீசையோடு ஒரு வாட்ச்மேன். வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் தடவ மாட்டார். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். தோலை ஒளித்திருந்தால் துடிப்பே காட்டிக்கொடுத்துவிடுமாம்.

ஒருநாள் இன்ஜின் நின்றுபோன சின்ன விமானம் ஒன்று, நாங்கள் தோல் காயப்போடும் மைதானத்தில் இறங்கியது. வெளியே கிளம்பிய பைலட்டின் கையையும் வாட்ச்மேன் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

மறுநாள் மெக்கானிக் வந்து, இன்ஜின் பழுதுதான் என்றார். வாட்ச்மேன் சமாதானமாகவில்லை.

"இன்ஜின் கெட்டது நெஜம்தான் சார். ஆனா மேல இருந்து வுழுந்தவனுக்கு நாடி இவ்ளோ நிதானமாவா இருக்கும்? அவன் இன்னாவோ மறைக்கிறான்."

அன்று மாலை வெறுங்கையோடு கேட்டுக்கு வந்த எனக்கு, துடித்தாலும் தப்பு, நிதானமாக இருந்தாலும் தப்பு என்று நினைத்ததுமே நாடி படபடத்தது. அவர் என் கையைச் சீக்கிரம் விடவில்லை.