பெயரைச் சொல்ல வேண்டிய இடம்

2009ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஜெர்மனியில் ஹம் நகரத்தில், எங்கள் பங்குத் தேவாலயத்தில் நடந்தது இது. எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வியாழன் மாலைகளில் தேவாலயப் பாடகர் குழுவுக்குப் போவேன். ஜெர்மன்காரர்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் தமிழ்.

அந்த மே மாதம் இலங்கையில் போர் முடிந்த பிறகு, வன்னியில் இருந்த என் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டாயிற்று. இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

மரித்தோர் நினைவுக் கச்சேரிக்காக, எஸ்தோனியா நாட்டுப் பெண் இசையமைப்பாளர் ஒருவரின் பாடலைப் பழகினோம். அறுபதைத் தாண்டியவர். ஒத்திகைக்கு அவரே வந்திருந்தார். பாட்டின் நடுவில் ஓரிடத்தில் மெட்டு நின்றுவிடும். அங்கே ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இறந்துபோன ஒருவரின் பெயரை முணுமுணுக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது இலைகளில் மழை விழுவது போல இருக்கும். அவர் வரிசை வரிசையாகக் காது கொடுத்துக்கொண்டே வந்து, என் முன்னால் நின்றார். நான் வாயை இறுக மூடியிருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் அடுத்தவரிடம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"உதுக்கேன் இவ்வளவு யோசிக்கிறீர்? உம்மட அப்பாட பேரைச் சொல்லிப்போட்டு வாரும்," என்றார்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்பா நான் நாட்டைவிட்டு வருவதற்கு முன்பே நோயில் படுத்துக் கண்மூடியவர்.

கச்சேரியில் அந்த இடம் வந்தது. அப்பாவின் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தம்பியின் பெயர் வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை, திரும்பத் திரும்ப அவன் பெயரே வந்தது. பிறகு பாட்டு முடியும்வரை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும் உடுப்பு மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மையார் வந்து பக்கத்தில் அமர்ந்தார். தம்பி உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாமல் அவன் பெயரைச் சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சோவியத் படையினர் அவருடைய அப்பாவைப் பிடித்துச் சைபீரியாவுக்குக் கொண்டுபோனார்களாம். அதன்பின் ஒரு செய்தியும் இல்லையாம்.

"அப்பாவின் பெயரைச் சொல்வதற்காகத்தான் அந்த இடத்தை எழுதினேன். எத்தனையோ ஊர்களில் பாடிவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் சொல்லவில்லை," என்றார்.

எனக்கு அவர்மேல் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? ஒரு வாழ்நாள் முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. என்னால் ஆறு மாதம்கூடத் தாங்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா, "தம்பி வருவான், நீ இருந்து பார்," என்று இன்றைக்கும் தொலைபேசியில் சொல்வார். "ஓம் அம்மா," என்பேன். அவனுக்கு என்ன நடந்தது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்று என் வாயாலேயே அவனை இறந்தவர்களோடு சேர்த்த பிறகு, அம்மாவைப் போல அவனுக்காகக் காத்திருக்க என்னால் முடியவில்லை.