படிக்கட்டுச் சுவரில் இருந்த பாட்டுக்காரர்

எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல். இதை நான் சொல்லத் தேவையில்லை, என்னோட கொஞ்ச நேரம் இருந்த ஆரும் சொல்லுவினம். மட்டக்களப்பில எங்கட ஒழுங்கையின்ர ஒரு தலைப்பில நிண்டு கூப்பிட்டனெண்டால் மற்றத் தலைப்பில படுத்திருக்கிற நாய் எழும்பும். இவர் யாழ்ப்பாணத்தார், மெல்லக் கதைக்கிற மனுசன். கலியாணம் கட்டின புதிசில, "உமக்கு ரெலிபோன் வீண் செலவு, யன்னலைத் திறந்துபோட்டுக் கதையும்" எண்டு நக்கலடிப்பார். அவரோட இருந்து என்ர பேச்சுத்தான் யாழ்ப்பாணப் பேச்சாப் போச்சே ஒழிய, சத்தம் குறையேல்லை. அந்தக் குரல் போயிடுமோ எண்டு நான் நடுங்கின ஒரு காலத்தைப் பற்றித்தான் இது.

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. கனடாவில, றொறன்ரோவில ஒரு இத்தாலிக்காரியின்ர வீட்டில, கீழ பேஸ்மென்றில வாடகைக்கு இருந்தம். இவருக்கு மிசிசாகாவில வேலை, விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவார். வீட்டுக்காரி எழுபதைத் தொட்ட விதவை. மேல தனிய இருந்தா. வாடகைக்கு வந்த நாள், "உங்கட கறி மணக்கும், என்ர உள்ளிப்பூண்டு மணக்கும், ஆளையாள் ஒண்டும் சொல்லக்கூடாது" எண்டு சொல்லிப்போட்டுக் கதவுத் திறப்பைத் தந்தவ. நல்ல மனுசி.

பக்கக் கதவால உள்ளுக்கை வந்து ஒரு படியால இறங்கித்தான் எங்கட இடத்துக்குப் போகவேணும். அந்தப் படிச் சுவரில ஒரு பெரிய படம். தாடி வைச்ச ஆள். நீள வெள்ளை அங்கி, தலையில இலையால பின்னின வளையம், ஒரு கை தொண்டைக்குக் கீழ, கண் மேல பாத்தபடி, வாய் கொஞ்சம் திறந்தபடி. படத்துக்குக் கீழ சின்னச் சிவப்பு லைற் ஒண்டு எந்த நேரமும் எரியும். வீட்டுக்காரி ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போறவ. அப்ப இது அவையின்ர புனிதர் ஆராவது எண்டு நான் நினைச்சன். வேற என்னத்தை நினைக்கிறது? படியேறேக்கை ஒரு கும்பிடு, இறங்கேக்கை ஒரு கும்பிடு. நாங்கள் சைவம்தான். ஆனால் எங்கட ஊரில கோயிலோ சேர்ச்சோ எண்டு பாத்துக் கும்பிடுறேல்லை. கேட்டதைக் குடுத்தால் சரி.

அப்பதான் என்ர கழுத்தில ஒரு கட்டி வந்தது. தைரோயிட் எண்டினம், கழலை எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறது. வெட்டி எடுக்கவேணும் எண்டு டொக்டர் சொன்னார். சொல்லிப்போட்டு, குரலுக்குப் போற நரம்பு அந்தக் கட்டிக்குப் பக்கத்தாலதான் போகுது, கவனமாச் செய்வம், ஆனாலும் குரல் மாறினாலும் மாறும் எண்டார். "உயிருக்கு ஒண்டுமில்லை" எண்டு ஆறுதலும் சொன்னார். உயிரைப் பற்றி ஆர் கேட்டது?

என்ர பயம் அம்மாவைப் பற்றியது. அம்மா ஊரில. சண்டைக்காலம். நான் வந்தபிறகு ஆளையாள் காணேல்லை. அவவுக்கு இரண்டு கண்ணிலயும் வெள்ளை படர்ந்திட்டுது, படம் அனுப்பினாலும் தடவிப் பாத்துப்போட்டு மடியில வைச்சிருப்பாவாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில ரவுணில இருக்கிற ரெலிபோன் கடைக்கு ஆரையும் பிடிச்சுக்கொண்டு வந்து குந்தியிருப்பா, எனக்கு அது காலமை. ரெலிபோன் கார்ட் வாங்கி நம்பரைக் குத்திக் குத்தி லைன் கிடைச்சால் கதைப்பம். என்னில அம்மாவிட்ட மிஞ்சியிருந்தது இந்தக் குரல் ஒண்டுதான். அது மாறினால் அவவுக்கு மகள் இல்லை, அவ்வளவுதான்.

இதில இன்னொண்டு இருக்கு. எங்கட ஆக்கள் ரெலிபோனில நல்லது மட்டும்தான் சொல்லுவினம். கெட்டது எண்டால் மறைப்பினம், வயசுபோனதுகள் தாங்காதுகள் எண்டு. அம்மாவின்ர ஒழுங்கையிலயே ஒரு தாய். அவவின்ர மூத்த மகன் ஜேர்மனியில செத்துப்போனான். தம்பிக்காரன் அண்ணன்ர குரலில கோல் எடுத்து எடுத்துக் கதைச்சுக் கனகாலம் சமாளிச்சவன். பிறகு விசயம் வெளிய வந்து, அந்த மனுசி ரெலிபோனைக் கண்டாலே தலையில அடிக்கிற நிலைக்கு வந்திட்டா. அம்மாவுக்கு அந்தக் கதை நல்லாத் தெரியும். தெரிஞ்சும் நாங்கள் என்ன செய்தம்? ஒப்பரேசனைப் பற்றி அவவுக்கு மூச்சும் விடேல்லை.

அப்ப படியில இருந்த புனிதரிட்டப் போனன். வேதக்காரருக்கு ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒவ்வொரு புனிதர் இருக்கு, களவுபோன சாமானுக்குக்கூட ஆள் இருக்கு. வாய் திறந்திருக்கு, கை தொண்டைக்குக் கிட்ட இருக்கு, இவர் தொண்டைக்குப் பொறுப்பான ஆள் எண்டு நானே தீர்மானிச்சன். எங்கட பக்கத்துக் கோயில்களில கண்ணுக்கு நேந்தால் வெள்ளியில கண் செய்து சாத்துவினம், காலுக்கு நேந்தால் வெள்ளியில கால். "அப்பு, என்ர குரலைக் காப்பாத்தித் தாரும், வெள்ளியில தொண்டை செய்து சாத்துறன்" எண்டு நேந்தன். பின்வளவில வேலியோரம் நிண்ட செவ்வந்தியில இரண்டு பூ பிடுங்கி நாள்தோறும் படத்தின்ர விளிம்பில செருகினன்.

இதுக்குப் பிறகு மேல ஒரு மாற்றம். ஞாயிறுகளில மேல் வீட்டில ஒரு ஆம்பிளை தொண்டை கிழியக் கத்துறது ஹீற்றர் ஓட்டைகளுக்குள்ளால கேக்கத் தொடங்கினது. முதல் நாள் இவர் படுக்கையில எழும்பி இருந்து, "மேல ஆரையோ வெட்டுறாங்கள்" எண்டார். பிறகு பாத்தால் அது பாட்டு. இசைத்தட்டு. வீட்டுக்காரி எங்களுக்குக் கேக்கட்டும் எண்டு வேணுமெண்டே சத்தமா வைக்கிறா எண்டு எங்களுக்கு விளங்கேல்லை.

ஒப்பரேசனுக்கு முதல் ஞாயிறு அவ என்னைக் கோப்பி குடிக்க மேல கூப்பிட்டா. அவவின்ர இங்கிலீசும் என்ர இங்கிலீசும் ஒண்டுக்கொண்டு சளைச்சதில்லை. மிச்சத்தைக் கையால கதைச்சம். என்ர கையைப் பிடிச்சு, கண் கலங்க, "என்ர தாத்தாவுக்குப் பூ வைக்கிற முதல் ஆள் நீதான். உனக்கு ஒப்பெரா இவ்வளவு பிடிக்கும் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு" எண்டா.

தாத்தா. வீட்டுக்காரியின்ர அம்மாவின்ர தகப்பன். புனிதரும் இல்லை ஒண்டும் இல்லை. ஒப்பெரா எண்டால் அவையின்ர கூத்து, முழுக்கதையையும் பாட்டாலயே சொல்லுறது. தாத்தா அதில கதாநாயகனுக்கு உச்சக்குரலில பாடுற ஆள். படத்தில இருக்கிறது பூசாரி வேசம். அந்தச் சிவப்பு லைற் நாங்கள் படியில தடக்கி விழாமல் இருக்கப் போட்டதாம். நான் கோப்பியை விழுங்கினன். வாயைத் திறக்கேல்லை. என்ர வாழ்க்கையில அது அபூர்வம்.

அவ ஆல்பத்தைத் திறந்து கதை சொன்னா. தாத்தா மலைநாட்டு ஊர் ஒண்டில கயிறு திரிக்கிறவரின்ர மகன். சேர்ச்சில பாடினதைக் கேட்டு ஊர்ச் சனம் சேர்ந்து நேப்பிள்சுக்குப் படிக்க அனுப்பினது. முதல் மேடையில அவருக்கு ஒரே ஒரு வரி, "ஐயா, குதிரை தயார்" எண்டு பாடிப்போட்டுப் போறது. அந்த ஒரு வரிக்கே சனம் திரும்பிப் பாத்ததாம். பிறகு ராசா, காதலன், படைத்தலைவன். கப்பலேறி ஒடேசாவுக்கும் புவனஸ் அயர்சுக்கும் போய்ப் பாடினவர். ஒரு ஊரில பொடியங்கள் அவற்ற வண்டியில இருந்து குதிரையை அவிட்டு விட்டிட்டு, தாங்களே இழுத்துக்கொண்டு போனவங்களாம். எங்கட ஆக்கள் தேர் இழுக்கிற மாதிரி எண்டு நினைச்சுக்கொண்டன்.

அந்தக் காலத்துச் சனத்துக்கு உச்சச் சுரத்தை மெல்லிசாப் பாடினால் காணாது, நெஞ்சில இருந்து இடி மாதிரி வரவேணும். தாத்தாவும் விடேல்லை, வருசக்கணக்கா அப்பிடியே குடுத்தார். ஒருநாள் நேப்பிள்சில, தடிமன் சளியோட மேடைக்கு ஏறி, அந்த உச்சத்துக்குப் போகேக்கை குரல் உடைஞ்சு சேவல் கூவின மாதிரி வந்திட்டுது. மேல் தட்டில இருந்த சனம் எல்லாம் சேவல் மாதிரிக் கூவினது. அடுத்த ஆட்டத்துக்கு ஒருத்தன் உண்மையான சேவலையே கொண்டு வந்தானாம். சின்னச் சின்ன ஊர்களில முயற்சி செய்து பாத்தார். குரல் திரும்பி வரேல்லை. நாப்பது வயசு ஆகமுதல் எல்லாம் முடிஞ்சுது.

பிறகு தன்ர பெண்சாதியின்ர ஊரில உப்பும் புகையிலையும் விக்கிற கடை போட்டார். கிழவனாகிச் சாகும் வரைக்கும் அந்தக் கடைதான். பழைய ரசிகர்கள் தேடி வந்தால், "நீங்கள் கேக்கிறது என்ர அண்ணையை. அவர் செத்திட்டார்" எண்டு குசுகுசுத்துப்போட்டு உப்பு நிறுப்பாராம். அவர் பாடின காலத்தில குரலைப் பிடிக்கிற மிசின் வரேல்லை. வீட்டுக்காரி சின்னப் பிள்ளையா அவற்ற மடியில இருந்தவ, ஆனால் அவவுக்குத் தெரிஞ்சது அந்தக் குசுகுசுப்பு மட்டும்தான். "இந்தத் தட்டுகளில பாடுறது வேற ஆக்கள். இப்பிடித்தான் இருந்திருக்கும் எண்டு நினைச்சுக் கேப்பன்" எண்டா.

போயும் போயும் குரல் போன மனுசனிட்டயோ குரலைக் கேட்டனான்? கீழ வந்து இவருக்குச் சொன்னன். மனுசன் கட்டிலில விழுந்து விழுந்து சிரிச்சுது. "மொட்டையனிட்டச் சீப்புக் கடன் கேட்டிருக்கிறீர்" எண்டார். எனக்கு வந்த விசருக்குச் சோத்தை மேசையில வைச்சிட்டு, போட்டுச் சாப்பிடுங்கோ எண்டு படியில போய் இருந்தன். படத்தைப் பாத்துக்கொண்டு கனநேரம் இருந்தன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். இந்த மனுசனுக்குத் தெரியாமல் வேற ஆருக்குத் தெரியப்போகுது எண்டு பட்டது. நேந்தது நேந்ததுதான் எண்டு விட்டிட்டன்.

ஒப்பரேசன் முடிஞ்சுது. கட்டியில பயப்பட ஒண்டுமில்லை எண்டிச்சினம். ஆனால் குரல் இல்லை. காத்துத்தான் வந்தது. வீட்டில ஒரு வேடிக்கை, நான் குசுகுசுத்தால் இவரும் குசுகுசுப்பார். அவருக்கென்ன தொண்டையில வெட்டே? ஆனால் ஒருத்தர் மெல்லக் கதைச்சால் மற்றவருக்கும் அப்பிடித்தான் வருகுது. ஒருநாள் சூப் கொண்டுவந்த வீட்டுக்காரி இதைக் கண்டிட்டு இவருக்கு ஏசினா. "எங்கட வீட்டிலயும் எல்லாரும் தாத்தாவோட இப்பிடித்தான் கதைச்சது, செத்த வீடு மாதிரி. நீ சத்தமாக் கதை" எண்டா. அண்டைக்குத் தொடக்கம் இவர் சந்தையில நிக்கிற மாதிரிக் கத்தத் தொடங்கினார். பாவம், அவருக்கும் தொண்டை நொந்தது.

ஞாயிறுகளில அம்மாவோட இவர்தான் கதைச்சார். வேலைக்குப் போட்டா, கடைக்குப் போட்டா, நித்திரை எண்டு ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு சாட்டு. அம்மா பெரிசா ஒண்டும் கேக்கேல்லை எண்டு இவர் சந்தோசப்பட்டார். எனக்கு அதுதான் பயம். அம்மா கேள்வி கேக்காமல் விடுற ஆள் இல்லை.

பனி கொட்டத் தொடங்கின நேரம் குரல் வந்தது. ஆனால் என்ர குரல் இல்லை. கீழ்க்கட்டையில, கரகரத்து, ஆரோ ஒரு ஆம்பிளைப் பொடியன்ர குரல் மாதிரி. இனி இதுதான் எண்டு டொக்டர் சொன்னார். அந்த ஞாயிறு நானே கோல் எடுத்தன்.

"அம்மா, நான்தான்."

"ஆரு?"

"நான்தானம்மா. உங்கட மகள்."

பிறகு அம்மா நல்ல மரியாதையாக் கேட்டா. "நீங்க ஆரு தங்கச்சி? மகளுக்கிட்டக் குடுங்க."

ஒப்பரேசனைச் சொன்னன். நம்பேல்லை. முழங்காலில இருக்கிற காயத்தழும்பைச் சொன்னன், கிணத்துக்குள்ள விழுந்த ஆட்டுக்குட்டியைச் சொன்னன். "அதெல்லாம் அவ உங்களுக்குச் சொல்லியிருப்பா. வாய் ஓயாமக் கதைக்கிற புள்ள" எண்டா. அந்த உப்புக்கடைக்காரர் ஏன் அண்ணை செத்திட்டார் எண்டு சொன்னவர் எண்டு அப்பதான் விளங்கினது. மாறின குரலோட நான்தான் நான் எண்டு ஒப்பிக்கிறது சரியான கரைச்சல். ஓம் அன்ரி, நான் அவவின்ர சினேகிதி எண்டு சொல்லிப்போட்டு வைக்கிறது எவ்வளவோ சுகம்.

அம்மா அழத் தொடங்கினா. "மறைக்காமச் சொல்லுங்க தங்கச்சி. அவ எப்ப மோசம் போனவ? கடைசியா என்ன சீலை உடுத்தி அனுப்பினீங்க?"

எனக்கு வந்துதே கோவம். "உயிரோட நிக்கிறவளை எரிச்சுப்போட்டுச் சீலையும் கேக்கிறீங்களோ? உங்களுக்கு விசரே? ஞாயிறும் அதுவுமா அந்தக் கடைக்காரனுக்கு முன்னால இருந்து ஒப்பாரி வைக்கிறீங்க, ஊர் சிரிக்கப் போகுது. முதல் மூக்கைத் துடையுங்க. துடைச்சிட்டீங்களே? நான் இஞ்ச காசு குடுத்துக் கார்ட் வாங்கிக் குத்துறது உங்கட செத்தவீட்டுக் கதை கேக்கவே?" கரகரத்த குரலால ஏலுமானவரைக்கும் கத்தினன். இருமல் வந்தது. இருமி முடிச்சிட்டுத் திரும்பவும் ஏசினன்.

அங்கால மூக்கைத் துடைக்கிற சத்தம் கேட்டுது. பிறகு மெல்லமா, "புள்ள?" எண்டா. நான் ஓமெண்டன். "ஏன் கத்துற. சாப்பிட்டியா?" எண்டா. இரண்டு பேரும் அழுதம். கார்ட் முடிஞ்சு லைன் நிண்டு போச்சு.

வெள்ளித் தொண்டைக்கு ஸ்காபரோவில எங்கட நகைக்கடைக்காரரிட்டப் போனன். கண் இருக்கு, கை இருக்கு, தொண்டைக்கு அச்சில்லை எண்டார். கடைசியில கழுத்தோட ஒரு சின்னத் தலை செய்து தந்தார். குரல் மாறிட்டுதே, பாதி நேர்த்தி காணும் எண்டு இவர் நக்கலடிச்சார். நான் வீட்டுக்காரியிட்டப் போய் எல்லாத்தையும் உள்ளபடி சொன்னன். புனிதர் எண்டு நினைச்சதைக் கேட்டு மனுசி சிரிச்சாதான். பிறகு அவ சொன்னா, தங்கட ஊர்ச் சேர்ச்சிலயும் இப்பிடி வெள்ளியில தொங்கவிடுவினம், தாத்தாவும் குரல் போன வருசம் ஒண்டு கட்டினவர் எண்டு. அந்தத் தலையை வாங்கி, படத்தின்ர ஆணியில தன்ர கையாலயே கொழுவிவிட்டா.

அம்மா அதுக்குப் பிறகும் கனகாலம் இருந்தா. ஞாயிறு தவறாமல் ரெலிபோன் கடைக்கு வந்தா. நான் "அம்மா" எண்டு கூப்பிட்டால் அவவுக்கு அது காணாது. "ஒருக்கா ஏசு புள்ள" எண்டுவா. நான் ஏசுவன். கேட்டு முடிச்ச பிறகுதான் சாப்பிட்டியா எண்டு கேப்பா.