மஞ்சள் தண்ணீருக்குக் காவல்

ஒரு பொருளை வெயிலில் வைத்துவிட்டு, அது எப்போது கெட்டுப்போகும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பதற்கும் சம்பளம் உண்டு. அந்த வேலைக்கு ஆய்வுக்கூட உதவியாளன் என்று பெயர். காத்திருப்பதையே பிழைப்பாகக் கொண்ட வாட்ச்மேன்களே, கேட்கீப்பர்களே, லைட்ஹவுஸ்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரிவது கஷ்டம்.

எண்பதுகளின் நடுவில் மதராசில் ஒரு பேராசிரியரிடம் வேலை பார்த்தேன். காட்மியம் சல்பைடை அவர் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்கவிடுவார். இதிலிருந்து ஒருநாள் லேசர் வரும், வெயிலில் மின்சாரம் வரும், தண்ணீரில் விஷம் கலந்தால் ஒளியை வைத்தே சொல்லிவிடலாம் என்பார். அதற்கெல்லாம் முன்னால் அந்தத் துகள் வெயிலைத் தாங்குமா என்று தெரிந்தாக வேண்டும். வெயில் பட்டால் மின்சாரம் கொடுக்கும், அதே வெயில்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்னும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அந்த மஞ்சளைப் பூசி, இரண்டு ஒயர் வைத்து, 'செல்' என்று பெயர் சூட்டினோம். ஒன்று மதராஸ் மொட்டைமாடியில் நின்றது. அதன் ஜோடியை உப்புக் காற்றில் வைத்துப் பார்க்கப் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்கு என்னை அனுப்பினார்கள். செல் செத்த அன்றே நான் ஊர் திரும்பலாம் என்பது ஏற்பாடு.

இடம் கிடைத்தது

குப்பத்தின் கடைசியில் ஒரு ஓட்டுக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். போன அன்றே தண்ணீர் ஓரமாக நிழல் விழாத இடம் பார்த்து ஸ்டாண்டை நட்டேன். அரைமணி நேரத்தில் எல்லப்பன் வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், படகுக்காரர், குப்பத்தில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். நான் நட்ட இடம் வலை இழுத்துப் போடுகிற இடமாம்.

அந்த ஏரியில் எவரும் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்தக் குடும்பம் எந்த நாளில் எங்கே போடலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவன் பாடு இருக்கும் இடத்தில் இன்னொருவன் கை வைக்க மாட்டான். எனக்காகவும் நாலு பேர் கூடிப் பேசி, கரையில் ஒரு பத்தடி இடத்தைக் காலால் கோடு கிழித்துக் கொடுத்தார்கள். எல்லப்பன் சொன்னார்: "இது உன் எடம் சாரு. இனிமே இத்த ஒருத்தன் தொட மாட்டான்."

ஆறு பாட்டில்

ஜன்னலில் ஆறு பாட்டில் வைத்திருந்தேன். முதல் பாட்டில் பச்சைத் தண்ணீர் போல வெளுத்திருக்கும். அடுத்தடுத்து மஞ்சள் ஏறிக்கொண்டே போய், ஆறாவது நல்ல சாமந்தி நிறம். கல்யாணத்துக்குக் கலர் சோடா வாங்கக் கிளம்பிய இரண்டு பேர், பொன்னேரி வரை போகும் அலைச்சல் மிச்சம் என்று ஜன்னல் வழியாகக் கையை விட்டுவிட்டார்கள். நான் போட்ட கூச்சலில் படகிலிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். விஷம் என்று எழுதி மண்டையோடு வரைந்து ஒட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்போது எல்லப்பனின் மனைவி முனியம்மா, "ஆறு வெஷமும் வேற வேறயா?" என்று கேட்டார். ஆறும் ஒரே பொருள்தான், துகளின் அளவு மட்டும்தான் மாறும், சின்னதானால் வெளுக்கும், பெரிதானால் நிறம் ஏறும் என்றேன். இதை மதராசில் எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கு விளங்கவைக்கப் பேராசிரியர் ஒரு கரும்பலகை முழுக்க எழுதுவார். முனியம்மா இறால் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னார்: "எறா கணக்குதான். பொடி ஒரு வெல, பெருசு ஒரு வெல, ஜாதி இன்னாவோ ஒண்ணுதான்."

இரண்டாவது டீ

தனிமை என்றால் இன்னதென்று அங்கேதான் தெரிந்தது. காலை ஒன்பது மணிக்குச் செல்லோடு இணைத்த மீட்டரைப் பார்க்க வேண்டும், சாயங்காலம் நாலு மணிக்குப் பார்க்க வேண்டும். நடுவில் எல்லப்பன் படகில் ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்குப் போய், எண்களைக் கார்டில் எழுதித் தபாலில் போட்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அந்தப் பாட்டில் கலாட்டாவுக்குப் பிறகு குப்பத்தில் யாரும் என்னிடம் வந்து பேசியதில்லை. கடந்து போவார்கள், தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான். மீட்டர் முள்ளுக்குக் குட் மார்னிங் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். சிரிக்காதீர்கள், நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

தபால் ஆபீஸ் பக்கத்தில் காதர் பாய் டீக்கடை. அங்கே போனால் எனக்கு வாய் ஓயாது. மதராஸ் பஸ், மழை, பேராசிரியரின் மூக்குக்கண்ணாடி என்று எதையாவது பேசிக்கொண்டே இருப்பேன். இரண்டாவது டீயும் ஆடை கட்டிவிடும். ஒருநாள் பாய் அந்தக் கிளாசை எடுத்துக் கொட்டிவிட்டுச் சூடாக வேறு வைத்தார். "பேசறதுக்குத்தான் வர்றீங்கன்னு தெரியும் தம்பி, அதுக்காவ டீயை ஏன் பட்டினி போடுறீங்க?"

எமன் யார்?

படகில் போகும்போது ஒருநாள் எல்லப்பன், நான் எப்போது ஊருக்குப் போவேன் என்று கேட்டார். நான் வந்த ஒரு வாரத்தில் அவர் கேட்ட முதல் சொந்தக் கேள்வி அது. எனக்கு அன்றைக்கு மனசு சரியில்லை. "அந்த செல் சாகட்டும், அன்னிக்கே கிளம்பிடுவேன். ஒரு நாள் கூட இருக்க மாட்டேன்" என்றேன். எப்படிச் சாகும் என்று கேட்டார். உச்சி வெயில்தான் அதைக் கொல்லும் என்று விளக்கமாகவே சொன்னேன்.

அவர் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே வந்தார். கரை தட்டியதும் கேட்டார்: "அப்ப அதுக்கு எமன் வெயிலுதான்னு சொல்லு?"

அதிர்ஷ்டக்காரன்

மதராஸ் மொட்டைமாடி செல் பத்தொன்பதாம் நாள் செத்துவிட்டது. என்னுடையது முப்பது நாளாகியும் சாகவில்லை. தினமும் காலையில் முள் இறங்கியிருக்காதா என்று ஆசையோடு போவேன், அது திடமாக நிற்கும். கண்ணாடி துடைத்தது போலப் பளிச்சென்று இருக்கும். ஸ்டாண்டின் கீழே மண் ஈரமாக இருக்கும். ஏரிக்காற்றின் ஈரம் என்று நோட்டில் எழுதினேன்.

இதற்கிடையில் எல்லப்பனின் படகு நாளுக்கு நாள் தாமதமானது. எதிர்க்காற்று என்பார். கொடி கூட ஆடாத நாளிலும் எதிர்க்காற்று என்பார். மூன்றரைக்கு முன்னால் என்னைக் குப்பத்தில் இறக்கவே மாட்டார். பேராசிரியரோ பூரித்துப்போய், உப்புக் காற்று துகளைக் காப்பாற்றுகிறது என்று கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டார். எனக்கு வந்த கடிதத்தில் இருந்தது இது: "இன்னும் இரண்டு மாதம் அங்கேயே இரு, உன்னைப் போல அதிர்ஷ்டக்காரன் கிடையாது."

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சீக்கிரம் திரும்பிய நாள்

ஒருநாள் தபால் ஆபீசுக்கு விடுமுறை என்பது எனக்குத் தெரியவில்லை. காதர் பாய் கடையும் மூடியிருந்தது. எல்லப்பனைக் காணோம். வேறொரு படகில் ஏறிச் சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் குப்பத்தில் இறங்கினேன். என் பத்தடி இடத்தில் முனியம்மா உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். செல்லின் மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓர் ஈரச் சாக்கு கிடந்தது. பிடித்த இறால் வெயிலில் கெடாமலிருக்கப் படகில் மூடி வைப்பார்களே, அதே சாக்கு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாற்பது நாள் உழைப்பு பாழ், பேராசிரியரின் கட்டுரை பாழ் என்று கத்தினேன். தொடமாட்டோம் என்று கோடு கிழித்தது நீங்கள்தானே என்றேன். அதற்குள் எல்லப்பனும் வந்துவிட்டார். குப்பத்தில் வீட்டுக்கு ஒரு நாள் என்று சீட்டுப் போட்டு, நான் படகேறியதும் மூடி, படகு திரும்பும் நேரத்துக்கு எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். எனக்கே பாடு போட்டிருக்கிறார்கள்.

"உன் எடத்துல கை வெச்சது தப்புதான்" என்று எல்லப்பன் தலையைக் குனிந்துகொண்டார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். இத்தனை நாளில் ஒரு வார்த்தை பேசாதவர்களுக்கு நான் இருந்தால் என்ன, போனால் என்ன என்றும் கேட்டேன். முனியம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. "நீ எந்நேரமும் அந்த முள்ளையே பாத்துக்கினு இருந்தா யாரு வந்து இன்னா பேசறது? அது செத்தா பூடுவேன்னியாமே, அதான் மூடி வெச்சோம்!"

முள்

பேராசிரியருக்கு உண்மையை எழுதிவிட்டேன். பத்து நாள் பதிலில்லை; அதுவரை செல்லை வெயில் படாமல் உள்ளே வைத்திருந்தேன். பிறகு ஒரு கார்டில் இரண்டு வரி வந்தது. மூடாமல் விட்டு, எத்தனை நாள் என்று எழுதச் சொல்லியிருந்தார்.

குப்பத்தில் கூடிப் பேசினார்கள். இனி மூட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். ஆனால் போட்ட முறையை விடவில்லை. தினமும் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் வந்து செல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் பழவேற்காட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சாப்பாடு முனியம்மா வீட்டிலிருந்து வந்தது, கார்டை எல்லப்பன் கொண்டுபோய்ப் போட்டார். அந்தப் பதினொரு நாளில் நான் பேசியதும் கேட்டதும் அதற்கு முன் பதினொரு வருஷத்தில் இல்லை. யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம், யார் வலை கிழிந்தது எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. முள் இறங்கத் தொடங்கியது. நாற்பது நாள் வேண்டி நின்றது நடக்கிறபோது, வேண்டாம் வேண்டாம் என்று அடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலை முள் பூஜ்யத்தை விட்டு அசையவேயில்லை. அன்று எல்லப்பன் முறை. செல்லைக் கழற்றிப் பெட்டியில் வைக்கும்வரை என் முகத்தைப் பார்க்காமல் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் படகில் ஏற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நாங்க ஒண்ணும் பண்ணல சாரு, சும்மா பாத்துக்கினுதான் இருந்தோம்."

அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுக்கூடங்களில், நாற்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து எத்தனையோ முள் பூஜ்யத்துக்கு இறங்குவதைப் பார்த்துவிட்டேன். நான் கிளம்பிவிடுவேனே என்று ஈரச் சாக்கோடு ஒருவர் கூட ஓடி வந்ததில்லை.