மாமா போட்ட விண்டோஸ்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் போடலாமா வேண்டாமா என்ற பேச்சு தொடங்கிய நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கணக்கு வாத்தியார் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பெஞ்சுக்கு அடியில் என் கால் தானாக ஆடும். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய், கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த துணியைத் தூக்கிப் பார்ப்பேன். அது அணைந்துதான் கிடக்கும். இருந்தாலும் பார்ப்பேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அப்பா மஸ்கட்டுக்கு வெல்டிங் வேலைக்குப் போவதற்கு முன் உத்தமபாளையத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி முன்னறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்குத் தன் அறையில் கூடத் தங்கியிருந்த மலையாளி நண்பரின் லேப்டாப்பிலிருந்து வீடியோவில் வருவார். விழுந்த பல்லை நான் கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டுவேன். அம்மா திராட்சைத் தோட்டத்தைப் பற்றிச் சொல்வாள். எப்போது கொடியைக் கவாத்து வெட்டலாம், எப்போது மருந்து அடிக்கலாம் என்று அப்பா அங்கிருந்தபடியே தோட்டத்தை நடத்துவார். செல்போனில் முகம் பார்த்துப் பேசும் காலம் எங்கள் வீட்டுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. அம்மாவிடம் இருந்தது பட்டன் போன்.

அம்மாவுக்கு அந்தக் கம்ப்யூட்டரில் தெரிந்தது ஒரே ஒரு வழிதான். இரண்டாவது வரிசையில் கடைசிப் படத்தை இரண்டு தட்டு, அப்புறம் பச்சைப் பொத்தான், அப்புறம் அப்பா. மற்ற இடங்களில் கை பட்டால் ஏதாவது அழிந்துவிடும் என்று மவுஸை அரிசிக்குள் புழு பொறுக்குவதுபோல் இரண்டு விரலால் பிடிப்பாள். திரையில் ஒரு பச்சை மேடும் நீல வானமும் இருக்கும். அது எங்கள் ஊர்ப் பக்கத்து மேகமலைதான் என்று நான் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த வழி அடைத்துக்கொண்டது. அம்மா இரண்டு தட்டு தட்டினாள். ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே எழுத்து.

மாமாவை வரச் சொன்னோம். மாமா அம்மாவின் தம்பி. கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தார். அவர் கை வைத்த மெஷின் எதுவும் அவரால் கெட்டதாகச் சரித்திரம் கிடையாது. கெட்டால் அது கரண்டினால் கெட்டிருக்கும், எலியால் கெட்டிருக்கும், இல்லாவிட்டால் கொண்டுவந்தவரின் புத்தியால் கெட்டிருக்கும். அன்றும் வாசித்துப் பார்த்துவிட்டு, தனக்கு இதில் சம்பந்தமில்லை என்பதுபோல் கையை உதறினார்.

“எக்ஸ்பி பழசாயிருச்சுக்கா. இனிமே இதுல வீடியோ வராது. செவன் போட்டாத்தான் வரும்.”

செவன் என்றதும் எனக்கு அது ஒரு ஊரின் பெயர்போல் கேட்டது. உடனே போய்விட வேண்டும் என்று இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டார். அம்மா விஷயத்தைச் சொன்னாள். “வேண்டாம், இப்ப எதையும் தொடாதீங்க” என்றார் அப்பா. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. நம்ப முடியவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது முதலில் சொட்டுநீர்க் குழாய் போட்டவர் அவர். புதிதாக எது வந்தாலும் பிரித்துப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவர் வேண்டாம் என்கிறார்.

அதற்குப்பின் ஒவ்வொரு தடவை பேசும்போதும் ஒரு புதுக் காரணம் வந்தது. பழைய போட்டோவெல்லாம் அழிந்துவிடும் என்றார். அந்த மெஷின் புது விண்டோஸைத் தாங்காது என்றார். பாதியில் கரண்ட் போனால் மொத்தமும் போச்சு என்றார். கடைசியில், பொங்கலுக்குத் தானே வந்து போட்டுத் தருவதாகச் சொன்னார். பொங்கலுக்கு ஏகப்பட்ட நாள் இருந்தது. மாமா ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். போட்டோவைத் தனியே எடுத்து வைக்கலாம், கடையில் கிடக்கும் பழைய ரேமைப் போட்டால் மெஷின் தாங்கும். அவர் சொன்னதை அம்மா போனில் அப்பாவிடம் சொல்வாள், அப்பா சொன்னதை மாமாவிடம் சொல்வாள். பெரியப்பா தோட்டத்துக்குப் போகிற வழியில் நின்று, “ஓடுற வண்டிய எதுக்கு மாத்துறீக?” என்று கேட்டுவிட்டுப் போனார். வண்டி ஓடவில்லை என்பதுதான் பிரச்சினை என்று அவருக்குச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நான் போராட்டத்தில் இறங்கினேன். இட்லி வேண்டாம் என்றேன். தலை பின்னிக்கொள்ள மாட்டேன் என்றேன். அம்மா மாவாட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எப்பம்மா, எப்பம்மா என்று அரித்தேன். வழக்கமாக என் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அந்த நாட்களில் விழவில்லை. அம்மாவும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். வீட்டைக் கூட்டிக்கொண்டே வருவாள், வாசலில் விளக்குமாறோடு நின்றுவிடுவாள். தோட்டத்தில் குலைகளை எண்ணிக்கொண்டே வருகிறவள்போல் உதடு அசையும். ஒருநாள் மாமாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

“ஏலே, அவுக ஏன்டா வேணாங்குறாக?”

“மச்சானுக்கு எம்மேல நம்பிக்கை இல்லக்கா. வேற என்ன?” என்று மாமா முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாமா வாசலில் வண்டியை நிறுத்தும் முன்பே, “போட்டுரு. அவுககிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றாள். நான் தெருவுக்கு ஓடிப்போய் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். என் பட்டினியும் பின்னாத தலையும் ஜெயித்துவிட்டன என்று நினைத்தேன்.

மாமா கம்ப்யூட்டரின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, தூசியை ஊதி, ரேமைச் செருகினார். போட்டோக்களை எடுத்து வைத்துவிட்டு, சிடியை உள்ளே தள்ளினார். திரையில் ஒரு கோடு நத்தைபோல் நகர ஆரம்பித்தது. அப்போதெல்லாம் கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போகும். நான் ஒரு கண்ணால் கோட்டையும் ஒரு கண்ணால் மின்விசிறியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். விசிறி கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலும் எழுந்து நின்றுவிடுவேன். அம்மா அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கரண்ட் போகவில்லை. புதுத் திரை வந்தது. என் மேகமலை போய்விட்டிருந்தது. ஒரு கணம் துக்கமாக இருந்தது. மாமா நெட்டிலிருந்து வீடியோவுக்கானதை இறக்கி, அந்தப் படத்தை இழுத்துக்கொண்டுபோய் இரண்டாவது வரிசையில் கடைசியில் வைத்தார். “அக்கா, ஒன் எடத்துலயே இருக்கு பாரு” என்றார்.

அம்மா முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு தட்டு, பச்சைப் பொத்தான். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி தட்டினாள். மலையாளி நண்பரின் குரல் கேட்டது. படம் இல்லை. “சேச்சி!” என்றவர் அப்புறம் யாரிடமோ ரகசியமாக ஏதோ சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் குரல் வந்தது.

“என்ன, போட்டுட்டீங்களா?”

“கேமராவப் போடுங்க.”

“நெட்டு ஸ்லோவா இருக்கும்மா.”

“இருக்கட்டும். போடுங்க.”

அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சத்தமாகப் பேசவில்லை. ஆனால் மாமா கதவோரம் போய் நின்றுகொண்டார்.

படம் வந்தது. அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்திருந்தது. கன்னம் ஒட்டிக் கிடந்தது. பின்னால் வழக்கமான அடுக்குக் கட்டிலும் தொங்கும் சட்டைகளும் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைத் திரைச்சீலை தொங்கியது.

“அப்பா, ரூம் மாத்திட்டீகளா?”

“ஆமாம்மா. வேற ரூம் குடுத்துருக்காக.”

“கட்டில் ஒங்களுக்கு மட்டுமா?”

“எனக்கு மட்டுந்தான்” என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளை விரிப்பு, தனிக் கட்டில், திரைச்சீலை. அப்பாவைப் பெரிய ஆளாக்கிவிட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

அம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். “ஒரு தடவ எந்திரிச்சு நில்லுங்க” என்றாள்.

அப்பா திரைச்சீலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் பாக்கணும். எந்திரிங்க.”

படம் சரிந்து கூரையைக் காட்டியது. நண்பரின் குரல் மட்டும் அவசரமாகக் கேட்டது. “சேச்சி, நெட் போயி, நெட் போயி.” திரை கறுத்துவிட்டது.

அம்மா மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் முழுக்க மாமாவின் மேல்தான். இத்தனை நாள் காத்திருந்து, இட்லியைக்கூட விட்டுக்கொடுத்து வாங்கிய புது விண்டோஸ், அப்பாவை வெளுப்பாகவும் ஒல்லியாகவும் காட்டிவிட்டுப் பாதியில் அறுந்தும் போகிறது.

“மாமா, நீங்க போட்டது சரியில்ல. அப்பா நல்லாவே தெரியல. பழசுலயே நல்லாத் தெரிஞ்சாக.”

கரண்டைச் சொல்வார், மஸ்கட்டைச் சொல்வார் என்று காத்திருந்தேன். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை லேசாக அசைத்தாள்.

“ஆமா பாப்பா” என்றார் மாமா. “நான்தான் சரியாப் போடல. கலர் செட்டிங் தப்பாயிருச்சு.”

வாழ்க்கையில் முதல் தடவையாக மாமா ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறார். நான் விடவில்லை. “அப்ப பழசையே போட்டுருங்க” என்றேன். சரி என்று அவர் குனிந்து ஒயரைத் தொட்டார். அம்மா, “வேண்டாம், இதுவே இருக்கட்டும்” என்றாள்.

அப்பா வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, விண்டோஸ் போட்ட அந்த வெள்ளிக்கிழமைக்கு வெகுநாள் முன்பிருந்தே ஆஸ்பத்திரியில் கிடந்தார். தோட்டத்தையும் என்னையும் ஒற்றையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவர் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் கம்ப்யூட்டர் தானாக நின்றுபோய் அவருக்கு உதவி செய்திருக்கிறது. இதெல்லாம் நான் வளர்ந்தபிறகு எனக்குத் தெரியவந்தவை. அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் மலையாளி நண்பரைப் போனில் பிடித்து எல்லாவற்றையும் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

என்னிடம் மட்டும் கலர் ரிப்பேர் நடப்பதாகச் சொன்னார்கள். மாமா தினமும் கடையிலிருந்து நேரே வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். எதையெதையோ ஆங்கிலத்தில் டைப் அடித்தார், அப்பாவின் கம்பெனிக்கு அனுப்பினார், போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யார் யாரிடமோ கெஞ்சினார். நான் நாற்காலியின் கையில் தொங்கிக்கொண்டு, கலர் சரியாகிவிட்டதா என்று நச்சரித்தேன். “இன்னும் கொஞ்சம் பாப்பா” என்பார். இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறவருக்குக் கடையில் எப்படிச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தனி ரூமைப் பற்றிச் சொல்லிச் சொல்லித் தோழிகளைப் பொறாமைப்பட வைத்தேன்.

பிறகு ஒருநாள் அப்பா வருகிறார் என்றார்கள். பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை, ஆனாலும் வருகிறார். நான் விடிந்ததிலிருந்து வாசலுக்கும் தெருமுனைக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். பால் வண்டி வந்தாலும் ஓடினேன். மாமா மதுரை ஏர்போர்ட்டுக்குக் கார் கொண்டு போயிருந்தார். வெயில் ஏறிய பிறகு கார் வந்து நின்றது. பெரியப்பா கதவைத் திறந்துவிட்டார். முதலில் ஒரு ஊன்றுகோல் இறங்கியது. அப்புறம் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா இறங்கினார்.

தெருவில் நல்ல வெயில். அந்த வெயிலிலும் அப்பா வெளுத்துத்தான் இருந்தார். கன்னம் ஒட்டித்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் பார்த்த அதே முகம், ஒரு மாற்றமும் இல்லை. நான் உற்று உற்றுப் பார்த்தேன். அநியாயமாக மாமாவைத் திட்டிவிட்டோமே என்று அப்போதுதான் தோன்றியது.

“மாமா!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். “நீங்க போட்டது சரியாத்தான் இருந்துருக்கு. அப்பா இப்புடித்தான் இருக்காக!”

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மாமா அப்பாவைப் பெரியப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, காருக்குப் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். பெட்டி எடுக்கப் போகிறார் என்று எண்ணி நானும் பின்னால் போனேன். அவர் டிக்கியைத் திறக்கவே இல்லை.